பெட்ரோல் வராமல் போனால் ஏற்காட்டுக்கு முன்னேற்பாடு உண்டா?

உண்டு. கேள்வி கேட்டவர் ஏற்காட்டில் விடுதி நடத்துகிறாராம், ஜெனரேட்டருக்கு டீசல் நின்றுவிடுமோ என்பது அவர் கவலை.

நாட்டளவில் விசாகப்பட்டினம், மங்களூர், பாதூர் ஆகிய மூன்று இடங்களில் அவசரகாலத்துக்கு எண்ணெய் சேமித்துவைக்க, பாறையைக் குடைந்த குகைகள் இருக்கின்றன. மொத்தக் கொள்ளளவு 53.3 லட்சம் டன். ஆனால் அதில் இருப்பது கச்சா எண்ணெய், அப்படியே டேங்கில் ஊற்ற முடியாது. சுத்திகரித்து, குழாயிலும் லாரியிலும் ஏறி வர வேண்டும்.

நமக்குப் பக்கத்தில் சங்ககிரியில் எண்ணெய்க் கிடங்கு இருக்கிறது. சென்னை–திருச்சி–மதுரை குழாயின் ஒரு கிளை அங்கேதான் வந்து முடிகிறது. அங்கிருந்து டேங்கர் லாரிதான். இந்தச் சங்கிலியில் எளிதாக அறுபடும் கண்ணி எது என்றால், என் கணக்கில், அந்த லாரிதான். 2024 ஜனவரியில் வடமாநிலங்களில் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கிடங்கில் சரக்கு இருந்தும் பெட்ரோல் பங்குகளில் வரிசை நின்றது.

நம் மலைக்கு இன்னொரு சிக்கல்: அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து சாலையே அடைபட்டது.

சரி, அரசு என்ன செய்யும்? எண்ணெய் நிறுவனங்களின் மாநில ஒருங்கிணைப்பாளரோடு பேசும். புயல், தேர்தல் சமயங்களில் பங்குகள் குறிப்பிட்ட அளவைத் தனியே வைத்திருக்க ஆட்சியர் உத்தரவிடுவது வழக்கம். பெட்ரோலியப் பொருட்கள் 1955ஆம் ஆண்டு அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின்கீழ் வருபவை. ஒதுக்கியது முதலில் ஆம்புலன்ஸ், தீயணைப்பு, மருத்துவமனை ஜெனரேட்டருக்குப் போகும். விடுதி ஜெனரேட்டர், மன்னிக்கவும், வரிசையில் ரொம்பப் பின்னாலதான். மழைக்கு முன்பே ஜெனரேட்டர் டேங்கை நிரப்பிவிடுங்கள். கேனில் சேர்த்துவைக்க மட்டும் வேண்டாம்.