பழைய ஹாலிவுட் குணச்சித்திர நடிகர்கள் எப்படி நூற்றுக்கணக்கான படங்களில் நடித்தார்கள்?

கதையின் நாயகனாக இல்லாமல், கிழவர், நீதிபதி, நண்பர், குடிகாரர் என ஒரு தனித்த மனிதரைக் கண்முன் நிறுத்துபவரே குணச்சித்திர நடிகர்.

எண்ணிக்கை பெருகியதற்குக் காரணம் அன்றைய ஸ்டூடியோ முறை. 1930களில் பெரிய ஸ்டூடியோ ஒவ்வொன்றும் ஆண்டுக்குப் பல பத்துப் படங்களை எடுத்துத் தள்ளியது. நடிகர்கள் பலர் வாரச் சம்பள ஒப்பந்தத்தில் இருந்தார்கள். சும்மா உட்கார வைத்தால் முதலாளிக்குத்தான் நஷ்டம். வீடு கட்டும்போது கொத்தனார் மாதக்கணக்கில் அங்கேயே கிடப்பார். மின் இணைப்பு கொடுப்பவரோ சில நாட்களில் வேலையை முடித்து அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். நாயகனுக்கும் குணச்சித்திர நடிகர்களுக்கும் இருந்த வேறுபாடு அதுதான்.

வால்டர் பிரென்னனைப் பாருங்கள். 1894இல் மாசசூசெட்ஸில் பிறந்தவர். 1920களில் கூட்டத்தில் ஒருவராக நிற்கும் வேலையில் தொடங்கினார். விபத்தொன்றில் பற்களை இழந்தது, வேடிக்கையாக, அவருக்கு மூலதனமாயிற்று: பொய்ப்பல்லைக் கழற்றினால் நாற்பது வயதிலேயே கிழவர்! சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் விருது 1936ஆம் ஆண்டுப் படங்களுக்கு முதன்முறையாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவர் அவர். 1938, 1940 படங்களுக்காகவும் வென்றார். அன்று கூட்ட நடிகர்களுக்கும் ஆஸ்கர் தேர்வில் வாக்குரிமை இருந்தது. பழைய தோழருக்கு அவர்கள் அள்ளிக் கொடுத்தார்கள் என்ற பேச்சு உண்டு. ஆனாலும் 1940 படத்தில் அவர் செய்த நீதிபதி ராய் பீன் வேடத்தைப் பார்த்தவர்கள் அந்த விருதைக் குறை சொல்ல மாட்டார்கள்.

நாயகனாக முடியாமல் தோற்றவர்களே இப்படி நடித்தார்கள் என்று பலர் நினைப்பது தவறு. பல நாயகர்கள் ஓய்ந்த பிறகும், 1970கள்வரை பிரென்னனுக்கு வேலை இருந்தது.