நூலகரைக் கேளுங்கள்

கேள்வி: வேலை போய்விட்டது. பகல் முழுக்க வீட்டில் இருக்க முடியவில்லை. நூலகத்தில் போய் உட்காரலாமா? நான் உறுப்பினர் இல்லை. ‘எதுக்கு வந்தீங்க?’ என்று கேட்பார்களோ என்று கூச்சமாக இருக்கிறது. அங்கே போய் என்னதான் செய்வது?

பதில்: தாராளமாகப் போங்கள். உள்ளே உட்கார்ந்து படிக்கப் பொதுவாக உறுப்பினர் அட்டை கேட்பதில்லை. புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போகத்தான் அது வேண்டும்.

கூச்சத்தை விடுங்கள். எங்கே ஆட்குறைப்பு நடந்தாலும் எங்கள் செய்தித்தாள் மேசையில் முதலில் தெரிந்துவிடும். அலுவலகத்துக்குப் போகிற உடையில், தோளில் பையோடு, கதவு திறக்கும் முன்பே வாசலில் புதுமுகங்கள் நிற்கும். முதல் சில நாட்கள் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பாமலே இருப்பார்கள். நாங்கள் ஒன்றும் கேட்க மாட்டோம். காலியாக இருக்கிற நாற்காலியைக் காட்டுவோம், அவ்வளவுதான். மற்ற எந்த உதவிக்குப் போனாலும் கஷ்டத்தை நிரூபிக்கச் சான்றிதழ், கையெழுத்து என்று அலைய வேண்டும். இங்கே அது கிடையாது. என் சர்வீஸில் எனக்குப் பிடித்த விஷயமே இதுதான்.

ஓரிரு நாள் சும்மா இருங்கள். பிறகு கவுன்ட்டரில் போய், “வேலை தேடுறேன், இங்க என்னென்ன இருக்கு?” என்று நேராகக் கேளுங்கள். இப்போது பாதி விண்ணப்பங்கள் ஆன்லைனில்தான். சின்னப் போன் திரையில் படிவத்தை நிரப்பி, சான்றிதழை ஏற்றும்போது ‘கோப்பு பெரிதாக இருக்கிறது’ என்று திரும்பி வரும். மொத்தத்தையும் மறுபடி நிரப்ப வேண்டும். கம்ப்யூட்டர், ஸ்கேனர் உள்ள நூலகமாக இருந்தால் சான்றிதழை அவர்கள் கேட்கிற அளவுக்குச் சுருக்கிக்கொள்ளலாம், பயோடேட்டாவையும் அங்கேயே டைப் செய்துவிடலாம். எழுந்து வரும்போது லாக்-அவுட் செய்யுங்கள், சான்றிதழ் நகல்களை அழித்துவிடுங்கள். வேலை தேடுகிற பதற்றத்தில் மின்னஞ்சலைத் திறந்தபடியே விட்டுப்போனவர்கள் ஏராளம். அதை மூடுவது எங்கள் தினசரி வேலைகளில் ஒன்று.

போட்டித்தேர்வுப் புத்தகங்களில் புதிய பதிப்பு எப்போதும் யார் கையிலாவது இருக்கும். அலமாரியில் இல்லை என்று திரும்பிவிடாமல், பெயரைப் பதிவு செய்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: பண நெருக்கடி வந்தால் அரசு முதலில் வெட்ட வேண்டியது நூலகச் செலவைத்தானே? எல்லாம்தான் போனில் இருக்கிறதே!

பதில்: இருக்கிறது, டேட்டா தீரும் வரை. கையில் காசு குறையும்போது வீடுகளில் முதலில் நிற்பவை பத்திரிகைச் சந்தா, டியூஷன், இன்டர்நெட். மூன்றுக்கும் ஆட்கள் எங்களிடம்தான் வருவார்கள். 1930-களில் உலகையே ஆட்டிய பொருளாதார வீழ்ச்சியான பெருமந்தத்தில் அமெரிக்க நூலகங்களில் இரவல் கூடியது. அதே வேளையில் புத்தகம் வாங்கும் நிதி வெட்டப்பட்டது. கூட்டம் கூடும்போது கையைக் கட்டிவிடுகிற இந்த வழக்கம் எந்த நெருக்கடியிலும் மாறக் காணோம்.

அதே காலத்தில் நடந்த இன்னொன்றையும் கேளுங்கள். அமெரிக்காவின் கென்டக்கி மாநில மலைப்பகுதியில், 1935 முதல் 1943 வரை, பெண்கள் குதிரையிலும் கோவேறு கழுதையிலும் ஏறி, சாலை இல்லாத குடியிருப்புகளுக்குப் புத்தகம் கொண்டுபோனார்கள். சம்பளம் அரசு வேலைத் திட்டத்தில் வந்தது. புத்தகங்கள் நன்கொடையாகத் திரட்டியவை. அவை கிழிந்தபோது, நல்ல பக்கங்களையும் பத்திரிகைத் துண்டுகளையும் ஒட்டி, சமையல் குறிப்பும் தையல் மாதிரியுமாகப் புதுத் தொகுப்புகள் செய்து சுற்றுக்கு விட்டார்கள். வருமானம் இல்லாத குடும்பங்களுக்கு அந்த வேலையே வருமானமானது. வெட்டச் சொல்பவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கட்டும்.

கேள்வி: எடுத்த புத்தகத்தை ரொம்ப நாளாகத் திருப்பவில்லை. அபராதத்துக்குப் பயந்து நூலகப் பக்கமே போவதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: உங்களைப் போல ஊர் ஊருக்கு ஆட்கள் இருக்கிறார்கள், அதிலும் காசு இல்லாதவர்கள்தான் அதிகம். இதனால்தான் சிகாகோ பொது நூலகம் 2019-இல் தாமத அபராதத்தையே எடுத்துவிட்டது. அதன் பிறகு பழைய புத்தகங்கள் வந்து குவிந்தன. உங்கள் நூலகத்தில் அபராதம் இருந்தாலும் போய் நிலைமையைச் சொல்லுங்கள். எங்களுக்குப் பணத்தைவிடப் புத்தகம்தான் முக்கியம். பக்கம் கிழிந்திருந்தால் அப்படியே கொடுங்கள். தயவுசெய்து நீங்களாக செல்லோடேப் ஒட்டாதீர்கள்.