கேள்வி பதில்: 19-ஆம் நூற்றாண்டு பேஸ்பால் சிமுலேஷன் லீக்கில் பிட்சரின் களைப்பை எப்படிக் கணக்கிடுவது?

கேள்வி: பழைய வீரர்களின் புள்ளிவிவரங்களைக் கொண்டு ஆட்டங்களைக் கற்பனையாக ஆடிப் பார்க்கும் சிமுலேஷன் லீக் ஒன்றை, 1876-ஆம் ஆண்டிலிருந்து தொடங்கி, நண்பர்களோடு நடத்துகிறேன். களைப்புக்கு இன்றைய அளவையே வைத்திருப்பதால் ஒவ்வோர் அணிக்கும் நான்கைந்து பிட்சர்கள் (பந்தெறிபவர்கள்) தேவைப்படுகிறார்கள். இது பொருத்தமா?

பதில்: பொருத்தமில்லை. 1877-இல் லூயிவில் அணி ஆடிய அத்தனை ஆட்டங்களிலும் ஜிம் டெவ்லின் ஒருவரே பந்தெறிந்தார். 1879-இல் சின்சினாட்டி அணியின் வில் ஒயிட் 75 ஆட்டங்களைத் தொடங்கி, 75-ஐயும் தாமே முடித்து, 680 இன்னிங்ஸ் (ஓர் ஆட்டத்துக்கு வழக்கமாக ஒன்பது) வீசினார். இவை நடக்கவே முடியாதபடி அமைந்த களைப்பு விதி அந்தக் காலத்துக்கு உரியதாகாது. அன்று பிட்சர் 45 அடி தூரத்திலிருந்து, சமதரையில் நின்று, கையை இடுப்புக்குக் கீழே வைத்தே எறிய வேண்டியிருந்தது. தோளுக்கு மேலிருந்து எறிய, அன்றைய முதன்மையான பேஸ்பால் லீக்கான நேஷனல் லீக் 1884-இல்தான் அனுமதித்தது. ஆகவே ஒரே பெயரில் நாம் அழைக்கும் இந்த வேலை, 1879-இலும் 1899-இலும் உடலைப் பொறுத்தவரை இரு வேறு வேலைகள். களைப்பின் அளவை ஆண்டுவாரியாக மாற்றாமல் நூற்றாண்டு முழுவதற்கும் ஒரே எண்ணை வைப்பதே பெரும்பாலான லீக்குகளில் நான் காணும் தவறு.

கேள்வி: அந்த அளவை எப்படித் தீர்மானிப்பது? இன்னிங்ஸை எண்ணினால் போதுமா?

பதில்: எதிர்கொண்ட பேட்டர்களை எண்ணுங்கள். அக்காலத்தில் ஃபீல்டர்கள் பெரும்பாலும் வெறுங்கையால்தான் பந்தைப் பிடித்தார்கள். ஆகையால் பிழைகள் மலிந்திருந்தன. மூன்று பேட்டர்களோடு முடிய வேண்டிய இன்னிங்ஸ், இரண்டு பிழைகளால் ஐந்து பேட்டர்கள் வரை நீளும். பிட்சரின் கை உழைத்த உழைப்பு இன்னிங்ஸ் கணக்கில் தெரியாது. பேட்டர் கணக்கில் தெரிந்துவிடும்.

வில் ஒயிட்டையே அளவுகோலாக வைத்து நான் செய்த கணக்கு இது. 1879-இல் அவர் எதிர்கொண்ட பேட்டர்கள் 2,906 பேர். மே தொடக்கம் முதல் செப்டம்பர் முடிவு வரை ஏறத்தாழ 150 நாட்கள். வகுத்துப் பார்த்தால் நாளொன்றுக்கு 19 பேட்டர்களுக்குச் சற்று மேல் வருகிறது. எனவே என் லீக்கில் ஒரு பேட்டரை எதிர்கொண்டால் ஒரு புள்ளி களைப்பு ஏறும். ஒவ்வொரு நாளும் 20 புள்ளிகள் இறங்கும். சனிக்கிழமை முழு ஆட்டம் வீசி 40 புள்ளிகள் ஏற்றிக்கொண்டவர், இடையில் ஒரு நாள் ஓய்வெடுத்தால் திங்கட்கிழமை களத்துக்குத் தயாராகிவிடுவார். இதுவே உச்ச வரம்பு. உறுதியான பிட்சருக்கு மட்டும் இதைக் கொடுத்து, மற்றவர்களுக்கு 14 அல்லது 15 என்று குறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு பிட்சருக்கு ஆட்டத்துக்கு 100 பந்துகள் என்ற வரம்பு வைக்கலாமா?

பதில்: வேண்டாம். 1879-இல் ஒன்பது தவறான பந்துகளுக்குப் பிறகே பேட்டருக்கு முதல் பேஸ் இலவசமாகக் கிடைத்தது. அது நான்காகக் குறைந்தது 1889-இல். பந்துகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு வேறு பொருள் தருவதால் அதைக் கொண்டு ஒப்பிட வழியில்லை.

கேள்வி: ஆட்டத்தின் நடுவில் பிட்சர் ஓய்ந்துவிட்டால் புதியவரை இறக்கலாமா?

பதில்: 1891 முதல் தாராளமாக இறக்கலாம். அதற்கு முன், காயமோ நோயோ இருந்தால் அல்லது எதிரணி இசைந்தால் ஒழிய, வெளியிலிருந்து ஆளைக் கொண்டுவர முடியாது. 1889-இல் ஓர் ஆளுக்கு மட்டும் இடமளித்தார்கள். ஆனால் களத்தில் இருக்கும் ஒருவரோடு பிட்சர் இடம் மாறலாம். அதற்காகவே இரண்டாவது பிட்சரை ரைட் ஃபீல்டில் (வலப்புற வெளிக்களத்தில்) நிறுத்துவது வழக்கம். இதை லீக்கில் சேர்த்தால், நன்றாகப் பேட் செய்யத் தெரிந்த பிட்சருக்கு உடனே தனி மதிப்பு வந்துவிடும்.

கேள்வி: இவ்வளவு தாராளமாக விட்டால், எல்லா மேலாளர்களும் தங்கள் சிறந்த பிட்சர் ஒருவரையே ஐந்தாறு ஆண்டுகள் ஓட்டிவிட மாட்டார்களா?

பதில்: ஓட்டட்டும், ஆனால் அதற்கான விலையைக் கொடுக்கட்டும். அன்றாடக் களைப்பு வேறு, கையின் தேய்மானம் வேறு. இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு வேண்டும். 1884 ஜூலையில் பிராவிடன்ஸ் அணியின் இரு பிட்சர்களில் ஒருவரான சார்லி ஸ்வீனி அணியை விட்டு வெளியேறிய பிறகு, மற்றவரான சார்லஸ் ராட்போர்ன் மீதமிருந்த ஆட்டங்களில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் தாமே ஏற்று, ஆண்டு முடிவில் 678 இன்னிங்ஸைக் கடந்தார். தலை வாரிக்கொள்ளக்கூடக் கையை உயர்த்த முடியாத நிலையில் அவர் இருந்தார் என்று சொல்வார்கள். ஆயினும் அடுத்த ஆண்டு அவர் 400 இன்னிங்ஸுக்கு மேல் வீசினார். சிகாகோவின் லாரி கோர்கரனுக்கு அப்படி அமையவில்லை. 1880-இல் ஃபிரெட் கோல்ட்ஸ்மித்தோடு சுமையைப் பகிர்ந்துகொண்டவர், 1884-இல் 500 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்தார். 1885-இல் கை ஒத்துழைக்காததால் 100 இன்னிங்ஸைக்கூட எட்டவில்லை.

தொடக்கத்தில் நான் 2,000 பேட்டர்களைத் தாண்டிய எல்லாருக்கும் ஆண்டிறுதியில் ஒரே அளவு திறனைக் குறைத்தேன். அது ராட்போர்னுக்கு இழைத்த அநீதி என்பதை 1885-ஆம் பருவத்தை ஓட்டிப் பார்த்தபோது உணர்ந்தேன். இப்போது, வரம்பைத் தாண்டிய ஒவ்வோர் ஆண்டும் கை கெடுவதற்கான வாய்ப்பை மட்டும் கூட்டுகிறேன்; கெடுமா, எப்போது கெடும் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. அந்தக் கணக்கை மேலாளர்களுக்குக் காட்டுவதில்லை. ஆகஸ்டில் பந்தின் வேகம் குறைவதைப் பார்த்து அவர்களே ஊகிக்க வேண்டும்.

கேள்வி: 1893-இல் பந்தெறியும் தூரம் மாறியதே, அப்போது என்ன செய்தீர்கள்?

பதில்: அந்த ஆண்டு எறியும் இடம் 60 அடி 6 அங்குலத்துக்குப் பின்தள்ளப்பட்டது. 1892-இல் பில் ஹட்சின்சன் 622 இன்னிங்ஸ் வீசி முதலிடத்தில் இருந்தார். 1893-இல் முதலிடம் பிடித்த ஏமஸ் ரூஸி வீசியது 482. ஆட்டங்களின் எண்ணிக்கை குறைந்ததும் இதற்கு ஒரு காரணம்தான். எனினும் அதே ரூஸி அளவுக்கு உழைக்கக்கூடியவர் இன்னொருவர் அரிதாகவே இருந்தார் என்பதால், நாளொன்றுக்கு இறங்கும் களைப்பின் உச்ச வரம்பை 20 புள்ளிகளிலிருந்து 14-ஆகக் குறைத்தேன். இந்த மாற்றத்தை முந்தைய குளிர்காலத்திலேயே எல்லா மேலாளர்களுக்கும் அறிவித்துவிடுங்கள்; மூன்றாவது பிட்சரைத் தேடிக்கொள்ள அவர்களுக்கு அவகாசம் வேண்டும்.