டைக்கோ எச்சத்துக்கு 800 வயது வருவது ஏன்?

டைக்கோ எச்சம் என்பது வெடித்த ஒரு விண்மீனின் விரியும் மிச்சம். சந்திரா எக்ஸ்-கதிர் விண்தொலைநோக்கியின் 2003, 2015 படங்களை ஒப்பிட்டு, அதன் ஆரம் 240 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு), விரிவு ஆண்டுக்கு 0.3 வில்விநாடி என்று எடுத்து, ஆரத்தை விரிவால் வகுத்து வயது 800 ஆண்டு என்று கண்டிருக்கிறீர்கள். விண்மீன் வெடித்தது 1572-இல், ஆகவே 2015-இல் வயது 443 தான். வகுத்தலில் பிழை இல்லை. ஆனால் ஆரத்தை வேகத்தால் வகுப்பது, வேகம் குறையவே இல்லை என்று கொள்வதாகும். உண்மையில் சுற்றியுள்ள வாயுவை அள்ளிக்கொண்டே போவதால் வெடிப்பின் அதிர்வலை தளர்கிறது. ஆரம் காலத்தின் m அடுக்காக வளர்ந்தால், வயது = m × ஆரம் ÷ விரிவு. தடையற்ற விரிவுக்கு m = 1, அள்ளிய வாயு வெடித்த பொருளைவிட மிக அதிகமாகிவிட்ட செடோவ் நிலைக்கு 0.4. உங்கள் எண்களுக்கு 0.55 வருகிறது; டைக்கோவுக்குப் பொருத்தமானதே. எச்சத்தின் தொலைவு இதில் வேண்டியதே இல்லை, அது பற்றிய கவலையை விடுங்கள்.

விரிவு எண்ணையும் சரிபாருங்கள். 12 ஆண்டில் நகர்வு 3.6 வில்விநாடி, ஏறக்குறைய 7 பிக்சல். இரு படங்களும் அரை வில்விநாடி விலகியிருந்தாலே ஆண்டுக்கு 0.04 பிழை. எனவே எச்சத்துக்கு வெளியே உள்ள புள்ளி மூலங்களை (புள்ளியாகத் தெரியும் எக்ஸ்-கதிர் மூலங்களை) வைத்து முதலில் படங்களைப் பொருத்துங்கள். அவை போதாவிட்டால் எதிரெதிர் விளிம்புகளின் விரிவைச் சராசரி எடுங்கள். பொது விலகல் பெரும்பாலும் அடிபட்டுவிடும்.

முன்னலையை, அதாவது எச்சத்தின் வெளி விளிம்பில் ஓடும் அதிர்வலையை, அளக்க 4–6 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் பட்டை நல்லது. கருவியின் வடிகட்டியில் ஆண்டுக்காண்டு படியும் மாசு குறைந்த ஆற்றலைத்தான் விழுங்குகிறது. அங்கே அளந்தால் விளிம்பின் வடிவமே மாறித் தெரியும்.