தமிழ்வழியிலிருந்து வந்தவரின் முதல் செமஸ்டர்

வணக்கம் ஐயா,

தருமபுரி மாவட்டத்தில் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தேன். பன்னிரண்டாம் வகுப்பில் கணிதத்தில் 91. இப்போது அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி ஒன்றில் பொறியியல் முதலாமாண்டு, 2021 ரெகுலேஷன் (பாடத்திட்ட, தேர்வு விதிமுறை). முதல் இன்டர்னலில் (கல்லூரியே வைக்கும் உள்மதிப்பீட்டுத் தேர்வில்) கணிதத்துக்கு 100-க்கு 32. வகுப்பில் சார் போர்டில் போடும்போது புரிகிறது, தேர்வில் கை ஓடவில்லை. இரவு ஒரு மணி வரை படிக்கிறேன். எனக்குப் பொறியியல் வராதா?

க.

அன்புள்ள க.,

வரும். பயப்பட வேண்டாம், ஆனால் படிக்கும் முறையை இந்த வாரமே மாற்ற வேண்டும்.

முதலில் மதிப்பெண் கணக்கு. உங்கள் 2021 ரெகுலேஷனில் (பின்னர் வந்த ரெகுலேஷனில் சேர்ந்தவர்கள் தங்கள் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்) தியரி பாடத்துக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. தேர்ச்சிக்கு மொத்தம் 50 வேண்டும். தவிர, செமஸ்டர் தேர்வில் மட்டும் தனியாக 100-க்கு 45 எடுத்தாக வேண்டும். ஒவ்வொரு இன்டர்னலிலும் 100-இல் எழுத்துத் தேர்வுக்கு 60, அசைன்மென்ட், செமினார் போன்றவற்றுக்கு 40. உங்கள் 32 அந்த 60-இல் 19 ஆகிறது. அசைன்மென்டில் 35 வாங்கியிருந்தால் கூட்டுத்தொகை 54. அடுத்ததும் அப்படியே போனால்கூட, 40-க்கு மாற்றும்போது இன்டர்னல் 22 வரும், செமஸ்டரில் 100-க்கு 47 எடுத்தால் தேர்ச்சி. அசைன்மென்டில் 10தான் என்றால் இன்டர்னல் 12, செமஸ்டரில் 64 எடுக்க வேண்டும். தேர்வில் தடுமாறும் மாணவர்களே அசைன்மென்டையும் கடைசி நாளில் பார்த்து எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அரியர் (தேர்ச்சி பெறாமல் நிற்கும் பாடம்) பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

இனி அந்த 'கை ஓடவில்லை'. போர்டைப் பார்த்துப் புரிவது ஒரு திறமை, வெற்றுத்தாளில் முதல் வரியைத் தொடங்குவது வேறு திறமை. பள்ளியில் ஒரே மாதிரிக் கணக்கைப் பலமுறை போட ஓர் ஆண்டு கிடைத்தது. இங்கே ஒரு யூனிட்டுக்கு மூன்று வாரம் கிடைத்தால் அதிகம். ஆகவே வகுப்பில் போட்ட கணக்கை அன்று மாலையே நோட்டை மூடிவைத்து எழுதிப் பாருங்கள். எந்த வரியில் நிற்கிறீர்களோ, அங்கே பேனாவால் ஒரு கோடு. மறுநாள் சாரிடம் போகும்போது "புரியலை சார்" என்று நிற்காமல் அந்தக் கோட்டைக் காட்டுங்கள். ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். இதற்கு நாளுக்கு 45 நிமிடம் போதும். இரவு ஒரு மணி வரை நோட்டைப் புரட்டுவதை விட்டுவிடுங்கள், காலை முதல் வகுப்பு தூக்கத்தில் போகிறது.

மேட்ரிக்ஸ் (அணி) யூனிட்டில் எங்கே சறுக்கும் என்பதும் தெரிந்ததுதான். கேரக்டரிஸ்டிக் சமன்பாட்டில் ஒரு குறி தப்பினால் அதன்பின் எழுதும் இரண்டு பக்கமும் வீண். எனவே அந்தச் சமன்பாட்டின் தீர்வுகளான ஐகன் மதிப்புகள் கிடைத்ததும் நிறுத்திச் சரிபாருங்கள்: அவற்றின் கூட்டல், அணியின் முதன்மை மூலைவிட்ட உறுப்புகளின் கூட்டலுக்குச் சமமாக வேண்டும், பெருக்கல், அணிக்கோவைக்குச் சமமாக வேண்டும். அரை நிமிட வேலை. குவாட்ராடிக் ஃபார்மை (இருபடி உறுப்புகள் மட்டுமே உள்ள கோவையை) அணியாக எழுதும்போது எக்ஸ்ஒய் உறுப்பின் கெழுவைப் பாதியாக்கி இரண்டு இடத்திலும் போட வேண்டும். இதை மறப்பவர்கள் ஏராளம்.

தமிழ்வழி என்பதால் உங்களுக்குக் கூடுதலாக ஒரே ஒரு வேலை உண்டு. அணிக்கோவை என்றால் டிடெர்மினன்ட், கெழு என்றால் கோஎஃபிஷியன்ட், பகுதி வகையிடல் என்றால் பார்ஷியல் டிஃபரன்சியேஷன் என்று ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். பாடச் சொற்களைவிடக் கேள்விச் சொற்கள் முக்கியம். 'ஸ்டேட்' என்றால் விதியைச் சொன்னால் போதும், 'டிரைவ்' என்றால் படிப்படியாக வருவித்துக் காட்ட வேண்டும், 'வெரிஃபை' என்றால் இரண்டு பக்கத்தையும் தனித்தனியே கணக்கிட்டுச் சமம் என்று காட்ட வேண்டும். பாடம் தெரிந்தும் கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டு மதிப்பெண் விடுவது தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு நேரும் அநியாயமான இழப்பு. இயற்பியல், வேதியியலில் பத்தி பத்தியாக ஆங்கிலம் எழுத வேண்டியதில்லை. படம், பாகங்களின் பெயர், சமன்பாடு, ஒவ்வொரு படிக்கும் ஒரு சின்ன வாக்கியம் போதும்.

பைத்தானை மனப்பாடம் செய்யாதீர்கள். தியரித் தேர்வு தாளில்தான். ஒவ்வொரு வரிக்கும் மாறிகளின் மதிப்பு என்ன ஆகிறது என்று கட்டம் போட்டு எழுதிப் பழகுங்கள். லேப் பாடங்களில் கணக்கு தலைகீழ், இன்டர்னலுக்கே 60. ரெக்கார்டை அந்தந்த வாரமே கையெழுத்து வாங்கிவிட்டால் கிட்டத்தட்ட உறுதியான மதிப்பெண் அது. வருகை 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கவே கூடாது.

கடைசி மூன்று வாரத்தில் பழைய வினாத்தாள்களைக் கடிகாரம் வைத்து எழுதுங்கள். 2 மதிப்பெண் கேள்வி பத்துக்கும் சேர்த்து 30 நிமிடம், 13 மதிப்பெண் ஒவ்வொன்றுக்கும் 24, 15 மதிப்பெண்ணுக்கு 25. ஐந்து நிமிடம் மிஞ்சும், அதில் கேள்வி எண்களைச் சரிபாருங்கள். ஐந்து யூனிட்டையும் தொட முடியாவிட்டால் மூன்றை முழுதாக முடித்து, மீதி இரண்டில் 2 மதிப்பெண் கேள்விகளையாவது பாருங்கள்.

இரண்டாவது இன்டர்னல் விடைத்தாள் வந்ததும், எந்த வரியில் நின்றீர்கள் என்று எழுதுங்கள். அதை வைத்து மேலே பேசுவோம்.