பைபாஸ் மெஷினில் நாடி துடிக்காதா?

கோத்தகிரியிலிருந்து அப்பாவை கோவைக்கு இதய பைபாஸ் அறுவை சிகிச்சைக்கு அழைத்துப் போகிறோம், அப்போது இதயம், நுரையீரல் வேலையைச் செய்யும் மெஷினில் நாடியே இருக்காதாமே என்று கேட்டிருக்கிறீர்கள். பயப்படாதீர்கள்.

இதயத்தை நிறுத்தியிருக்கும்போது இயந்திரம் ரத்தத்தைச் சீராகத் தள்ளும். மேட்டு ஊற்றிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குக் குழாயில் இறங்கும் தண்ணீர் மாதிரி. பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 4, 5 லிட்டர். அளவும் அழுத்தமும் சரியாக இருந்தால் துடிப்பில்லாமலும் உறுப்புகள் அந்தச் சில மணி நேரத்தைத் தாங்கும்.

பம்பின் வேகத்தை ஏற்றி இறக்கித் துடிப்பை உண்டாக்கவும் முடியும். அது சிறுநீரகத்துக்கு நல்லது என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, எல்லாம் ஒத்துப்போகவில்லை. அப்புறம், ஆக்சிஜன் ஏற்றும் கருவியையும் குறுகலான குழாயையும் தாண்டுவதற்குள் துடிப்பு பெரும்பாலும் மங்கிவிடும். அதனால்தான் சீரான ஓட்டமே வழக்கம்.

இதயத்தை நிறுத்தாமல், இந்த மெஷின் இல்லாமலும் பலருக்கு பைபாஸ் செய்கிறார்கள். அப்பாவுக்கு எந்த முறை என்று முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்; சிறுநீரகக் கோளாறு இருந்தால் அதையும் கட்டாயம் சொல்லுங்கள்.