புக்கு வாங்குறதுக்கு முன்னாடி மேசைய முடிவு பண்ணுங்க

கேள்வி: அண்ணே, நான் கீழக்கரை. ஒண்ணா படிச்ச அஞ்சு பேர், இப்ப ரெண்டு பேர் துபாய், ஒருத்தன் சென்னை, நானும் இன்னொருத்தனும் மட்டும் ஊர்ல. வெள்ளிக்கிழமை ராத்திரி ஆன்லைன்ல டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ங்கற கதை சொல்லி ஆடுற விளையாட்ட ஆடலாம்னு பேசி, கதைய நடத்துற வேலைய என் தலைல கட்டிட்டானுங்க. உள்ள போய் பாத்தா புக்கு, மேப், மேப்ல வைக்கிற டோக்கன் காய், பண்டில்னு என்னென்னமோ விக்குது. கைல 3,000 ரூபா இருக்கு. எதை வாங்குறது?

பதில்: தம்பி, மொதல்ல அந்த 3,000த்த உள்ள வைங்க. எல்லாரும் பண்ற தப்பு, எந்த தளத்துல, அதாவது எந்த ஆன்லைன் மேசைல உக்காந்து ஆடப்போறோம்னு முடிவு பண்ணாமலே புக்கு வாங்குறது. ரோல்20ங்கற தளத்துல காசு குடுத்து வாங்குன சாகசம், அதாவது ரெடிமேட் கதை, ரோல்20லதான் இருக்கும், டி அண்ட் டி பியாண்ட்ங்கற தளத்துல வாங்குனா அது அங்கதான், ஒரு இடத்துல காசு கட்டிட்டேன் இன்னொரு இடத்துல தொறந்து விடுன்னா விடமாட்டான். நான் இப்படித்தான் ஆசைப்பட்டு ஒரு சாகசத்த வாங்கிட்டு, பசங்க எல்லாம் வேற தளத்துல இருக்கானுங்கன்னு அப்புறமா பாத்தேன், சூடை மீன் வலைய வாங்கிட்டு நண்டுக்கு போன கதை. மேப்ப ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒட்டி ஒட்டி மூணு வாரம் ஓட்டுனேன், அந்த கொடுமைய விடுங்க.

உங்களுக்கு ரோல்20 சரியா வரும்னு நெனைக்கிறேன். பிரவுசர்ல தொறக்கும், இலவச கணக்கே போதும், லிங்க் அனுப்புனா துபாய்க்காரங்க வந்து உக்காந்துருவாங்க. ஃபவுண்ட்ரின்னு இன்னொரு ஆன்லைன் மேசை இருக்கு, அருமையான சரக்கு, நடத்துறவர் மட்டும் ஒரே தடவ 50 டாலர் கட்டுனா போதும், ஆடுறவங்களுக்கு செலவே இல்ல. ஆனா உங்க 3,000 அதுக்கே பத்தாது, அதோட உங்க கம்ப்யூட்டரேதான் சர்வர், வெளிலேர்ந்து ஆளுங்க உள்ள வர்ற மாதிரி ரவுட்டர்ல வழி விடணும், மொபைல் ஹாட்ஸ்பாட்ல பெரும்பாலும் அது நடக்காது. ஒரு வருஷம் ஆடிட்டு அப்புறம் பாத்துக்கலாம்.

விதிகளுக்கு பைசா வேண்டாம். 2023 ஜனவரில இந்த விளையாட்ட வெளியிடுற விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் கம்பெனியே 5.1ங்கற விதித்தொகுப்ப, யாரும் இலவசமா எடுத்துக்கலாம்ங்கற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துல விட்டுட்டாங்க, சுமார் 400 பக்கம், 2014 பதிப்போட அடிப்படை அது. 2024ல வந்த புது பதிப்புக்கும் 5.2ன்னு தனியா 2025ல விட்டாங்க. ரெண்டுல ஒண்ண புடிச்சுக்கங்க, கலக்காதீங்க, பாதில ஒருத்தன் பழச பாத்துட்டு ஒருத்தன் புதுச பாத்துட்டு சண்டை போடுவான். 5.1ல வீரன், மந்திரவாதி மாதிரி 12 வகுப்பும் இருக்கு, ஆனா ஒவ்வொண்ணுக்கும் ஒரே ஒரு உட்பிரிவுதான். யாராவது எனக்கு இது பத்தலன்னு கேப்பான் பாருங்க, அன்னிக்கி ஆடுறவங்களுக்கான புக்க வாங்குங்க, அதுவரைக்கும் வேண்டாம். டெலிகிராம்ல சுத்துற பிடிஎஃப் வேற இருக்கு, அது திருட்டுங்கறது ஒரு பக்கம், அதுலேர்ந்து ஒரு டோக்கன கூட மேசைல இழுத்துப் போட முடியாது.

காசு போடணும்னா ஒரே ஒரு சின்ன ரெடிமேட் சாகசத்துல போடுங்க, ஒண்ணாவது லெவல்ல ஆரம்பிக்கிறது. மேப், அரக்கன், டோக்கன் எல்லாம் வச்ச இடத்துல வச்சு வரும், நீங்க தொறந்து நடத்துனா போதும். 2014 ஸ்டார்டர் செட்ல வந்த ஃபேண்டெல்வர் சுரங்கக் கதை ஒண்ணுலேர்ந்து அஞ்சாவது லெவல் வரைக்கும் போகும், வண்டிய கோப்ளின்ங்கற குட்டி அரக்கனுங்க மறிக்கிறதுல ஆரம்பம், முதல் தடவ நடத்துறவருக்குன்னே எழுதுனது, 5.1ஓட ஒத்துப்போகும். 300 டோக்கன் பண்டில் எல்லாம் ஆசைக்கு வாங்குறது, நானும் வாங்கி வச்சிருக்கேன், அதுல 10 கூட எடுத்து வைக்கல.

நேரத்த மட்டும் பேசிக்கங்க, நமக்கு ராத்திரி 10ன்னா துபாய்க்காரங்களுக்கு எட்டரை. துபாய் மச்சான் ஊருக்கு வர்றப்ப தொதல் இனிப்புக்கு பதிலா நல்ல ஹெட்செட் ஒண்ணு வாங்கிட்டு வரச் சொல்லுங்க, தொதல் உங்க ஊர்லயே கிடைக்குது.

கேள்வி: மண்டபத்துலேர்ந்து எழுதுறேன் அண்ணா. ரோல்20ல மேப் ஏத்துனா தோழிங்க எல்லாரும் மாட்டிக்கிட்டு நிக்குறாங்க, சிக்னல் குத்தமா?

பதில்: பாதி சிக்னல், பாதி உங்க மேப்பும்மா. ரோல்20ல ஒரு கட்டத்துக்கு 70 பிக்சல்தான், 20க்கு 15 கட்டம்னா 1400க்கு 1050, அவ்ளோதான் வேணும், நீங்க 8,000 பிக்சல் போஸ்டர ஏத்திருப்பீங்க. சுருக்கி ஜேபெக்ல ஏத்துங்க. பேச்ச தனியா டிஸ்கார்டுங்கற பேசுற ஆப்ல வச்சிக்கங்க, வீடியோ வேண்டவே வேண்டாம்.

கேள்வி: காசே போடாம நம்ம கடலையே கதையாக்க முடியுமா? தொண்டி வாசகர்.

பதில்: அட, இதத்தான் எதிர்பாத்துட்டு இருந்தேன்! தாராளமா முடியும். அந்த 5.1 தொகுப்புல ராட்சச நண்டு இருக்கு, கவசம் 15, உயிர் 13, ஒண்ணாவது லெவல் ஆளுங்களுக்கு அளவான எதிரி. ராட்சச ஆக்டோபஸ் இருக்கு, கடல் சூனியக்காரி இருக்கா, ரெண்டுக்கும் உயிர் 52, அதனால அதுங்கள கடைசிக்கு வைங்க. மேப்புக்கு தனுஷ்கோடிக்கு அந்தாண்ட இருக்கிற மணல் தீடை மாதிரி நாலு திட்டு வரைங்க, நடுவுல நீலம், ஓரத்துல ஒரு வத்தை படகு கவுந்து கிடக்கட்டும், ஒரு கட்டம் 5 அடி. கச்சான் காத்து ஏறுறப்ப நாலு சுத்துக்கு ஒரு தடவ ஒரு திட்டு தண்ணிக்குள்ள போகணும்னு விதி வச்சீங்கன்னா நண்டோட சண்டை போடுறவன் நண்ட விட்டுட்டு ஓடுவான். நான் இத ஒரு தடவ நடத்துனப்ப நாலு பேரும் வத்தைய நிமித்துறதுக்குள்ள அடிச்சுக்கிட்டாங்க, நண்டு பாட்டுக்கு ஓரமா நின்னுச்சு.